நாங்கூழும் நான்காம் வகுப்பும்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலைப்பொழுது. போடிநாயக்கனூரில் நாம் மாதம் இருமுறை நல்லொழுக்க வகுப்பெடுக்கச் செல்லும் ஆரம்பப் பள்ளியின் முற்றத்தில் நான்காம் வகுப்புச் சிறுவர்கள் வட்டமாகக் குனிந்து நின்றனர். அணுகிப் பார்த்தோம். ஈரமண்ணிலிருந்து வெளிவந்திருந்த மண்புழுக்களின்மேல் சத்துணவுக் கூடத்து உப்பைத் தூவி, அவை துடிப்பதைக் கண்டு ஆரவாரம் செய்துகொண்டிருந்தனர். அன்று நாம் கொண்டு சென்ற பாடம் 'பொய் சொல்லாமை'. அது பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

"ஏன் துடிக்கின்றது?" என வினவினோம். "எரியுது சாமி" என்றான் ஒருவன். விடை முற்றிலும் தவறன்று. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. தோலின் ஈரத்தின் வழியாகவே அது சுவாசிக்கின்றது. உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிவிட்டால் மூச்சடைத்து மடியும் என்று விளக்கியபோது கூட்டம் சற்று அடங்கியது. அதற்குக் கண் இல்லை, ஆயினும் ஒளியை உணரும். பல் இல்லை, ஆகவே மணலை விழுங்கி வயிற்றுக்குள்ளேயே இரையை அரைத்துக்கொள்ளும். இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று மற்றொருவன் உறுதியாகச் சொன்னான். இந்த நம்பிக்கை பெரியவர்களிடமும் உண்டு. பெரும்பாலான இனங்களில் தலைப்பகுதி பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளக்கூடும்; வால்பகுதி மடிந்தே போகும்.

அடுத்த வகுப்பில் இரு பெரியவர்களைப் பற்றிச் சொன்னோம். ஒருவர் சார்லஸ் டார்வின். 1837ஆம் ஆண்டிலேயே இலண்டன் நிலவியல் சங்கத்தில் மண்புழுவைப் பற்றிக் கட்டுரை படித்தவர், தம் இறப்புக்கு முந்திய ஆண்டாகிய 1881இல்தான் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். வயலொன்றில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டுகள் காத்திருந்து பள்ளம் தோண்டிப் பார்த்தார். புழுக்கள் மேலே தள்ளிய மண்ணால் அத்துண்டுகள் ஏழு அங்குல ஆழத்தில் புதைந்து கிடந்தன. புழுக்களுக்குச் செவி உண்டா என்றறிய அவற்றின்முன் இசைக்கருவிகளை வாசிக்கச் செய்தார் என்றதும் வகுப்பே சிரித்தது. (புழுக்கள் இசையைச் சட்டை செய்யவில்லை. ஆனால் அவை இருந்த தொட்டியைப் பியானோவின்மேல் வைத்து வாசித்தபோது, அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின.)

மற்றவர் நம்மவர். மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. 1891இல் வெளிவந்த அந்நாடகத்தில் நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை விளித்து, உழவனுக்கு அது ஓசையின்றி ஆற்றும் தொண்டை வியந்து பேசுகின்றது. நாங்கூழ் என்பது மண்புழுவின் பழம்பெயர். அச்சொல் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. முற்றத்தில் புழுவைக் கண்டால் இப்போது "நாங்கூழ்! நாங்கூழ்!" என்றே கூவுகின்றனர்.

சொல்லால் மட்டும் ஆவதென்ன? பள்ளிக் கிணற்றருகே வேப்பமர நிழலில் தொட்டியொன்று கட்டினோம். முறையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. சென்னைப் புதுக்கல்லூரியில் பல்லாண்டுகள் மண்புழு ஆராய்ச்சி செய்த முனைவர் சுல்தான் இஸ்மாயில், விலை கொடுத்து அயல்நாட்டுப் புழுக்களை வாங்குவதைவிட நம் மண்ணின் புழுக்களையே பயன்படுத்தலாம் என்று தமிழகமெங்கும் எடுத்துரைத்து வந்தவர். அவர் காட்டிய வழியே அடியில் உடைந்த செங்கல், அதன்மேல் ஆற்றுமணல், அதற்குமேல் ஒரு சாண் அளவுக்கு நல்ல மண், பிறகு சாணம், சருகு என்று அடுக்கினோம். புழுக்களை அண்டை வீட்டுச் சாணக்குவியலின் அடியிலிருந்து பிள்ளைகளே பொறுக்கி வந்தனர். உப்புத் தூவிய அதே கைகள்.

முதல் தொட்டி கெட்டது. பழி நம்முடையதே. எதைப் போடலாம் என்று சொன்னோமேயன்றி, எதைப் போடலாகாது என்று சொல்லவில்லை. சத்துணவில் எஞ்சிய சாம்பார்ச் சோற்றையெல்லாம் பிள்ளைகள் தாராள மனத்தோடு கொட்டிவிட்டனர். உப்பும் புளியும் எண்ணெயும் சேர்ந்து புளித்து, நான்காம் நாள் ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு நம்மை அழைத்துவரச் சொன்னார். புழுக்களில் பாதி தொட்டியை விட்டு வெளியேறிச் சுவரோரம் உலர்ந்து கிடந்தன. ஒரு சிறுமி அழுதுவிட்டாள். இரண்டாம் முறை காய்கறித் தோல், முட்டை ஓட்டுத் தூள், வாழை மட்டை, வேம்பின் சருகு இவற்றோடு நிறுத்திக்கொண்டோம். எறும்பு ஏறாதபடி சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டி நீர் கட்டினோம். கோழி கிளறாதபடி ஈரச்சாக்கு போர்த்தினோம். தைப் பொங்கல் கழிந்து சாக்கை நீக்கியபோது, தேயிலைத் தூள் போன்ற கறுத்த உரம், மழைக்கால மண்ணின் மணத்தோடு இருந்தது. முன்பு அழுத சிறுமியே முதலில் கைவிட்டு அள்ளினாள்.

அச்சிறுமிதான் நம்மைத் திகைக்க வைத்த வினாவையும் எழுப்பினாள். அவள் தாய், போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குச் சென்று, இருட்டும் வேளையில் திரும்பும் பெண்களுள் ஒருவர். "சாமி, அம்மா வேலை பார்க்கிற தோட்டத்தில் மருந்து அடிக்கிறாங்க. அங்கே நாங்கூழ் சாகாதா? அப்ப அம்மா செய்றது தப்பா?" என்றாள்.

குருமடத்தில் எத்தனையோ வினாக்களுக்கு விடை பயின்றோம், இதற்குப் பயிலவில்லை. அம்மருந்தை வாங்குபவர் வேறு, அடிக்கச் சொல்பவர் வேறு. ஏவிய வேலையைச் செய்து கூலி பெறும் பெண்ணின் தலையில் அப்பாவத்தைச் சுமத்த நமக்கு மனம் வரவில்லை. "உன் அம்மா செய்வது தப்பு இல்லை, தாயே. ஆனால் நீ கேட்டது சரியான கேள்வி" என்று மட்டும் சொன்னோம். அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

உண்மையில் ஏலச்செடி மண்புழுவுக்கு உற்ற தோழன். அதன் வேர் ஆழம் செல்லாது. மேல்மண்ணில், உதிர்ந்த சருகு மட்கிய படுகையிலேயே பரவும். நிழல்மரங்களின் இலையே அதற்கு மூடாக்கு. அப்படுகையில் குருணை மருந்தையும் தெளிப்பு மருந்தையும் மாறி மாறி இடும்போது, தண்டு துளைக்கும் புழுவோடு மண்ணைப் புரட்டும் புழுவும் மடிகின்றது. மண்புழுவுக்குக் கொடிய நஞ்சாகிய போரேட் குருணையை நடுவண் அரசு 2018இல் ஆணையிட்டு, 2020ஆம் ஆண்டின் இறுதியோடு முற்றாகத் தடை செய்தது. ஆனால் ஒரு மருந்து போனால் வேறொன்று கடைக்கு வருகின்றது. தோட்டக்காரரையும் முழுதாகக் குறைசொல்ல இயலாது. பேன் அரித்துச் சொரி பிடித்த காய்க்கு ஏலத்தில் என்ன விலை கிடைக்கும் என்பதைப் போடியில் பிறந்த குழந்தையும் அறியும்.

இரு வாரம் கழித்து அச்சிறுமி இரண்டு பால்பவுடர் டின்களோடு வந்தாள். தாய் மலையிலிருந்து கொண்டு வந்த மண். ஒன்று செடியின் தூரடியில் எடுத்தது. மற்றது தோட்டத்தின் ஓரத்தில், மருந்து படாத பலாமரத்தடியில் எடுத்தது. செய்தித்தாளை விரித்துக் கொட்டி, வகுப்பே சுற்றி அமர்ந்து எண்ணியது. பலாமரத்து மண்ணில் புழுக்கள் நெளிந்தன. தூரடி மண்ணில் ஒன்றுகூட இல்லை. இரண்டு டின் மண்ணைக் கொண்டு மலையையே அளந்துவிட முடியாது என்று பிள்ளைகளிடம் அன்றே சொன்னோம். ஈரம் குறைந்தாலும் புழு கீழே இறங்கிவிடும். "அப்ப இன்னும் நிறைய டின் வேணும்" என்றான் முன்பு உப்புத் தூவிய சிறுவன். ஐந்து வீட்டுத் தாய்மார்கள் இசைந்திருக்கின்றனர். ஜீப் ஓட்டுநர் மட்டும், மண் சுமக்க வாடகை தனி என்று வேடிக்கையாகச் சொன்னாராம்.

அந்தத் தாயை ஞாயிறு பூசைக்குப்பின் சந்தித்தோம். "நான் சின்னப்பிள்ளையா களைவெட்டப் போனப்ப மண்வெட்டி போட்ட இடமெல்லாம் புழு கிடக்கும் சாமி. எப்ப குறைஞ்சதுன்னு தெரியல. இவ கேட்ட பிறகுதான் நினைச்சுப் பார்த்தேன்" என்றார். பிறகு, தம் வீட்டு முருங்கைக்கு அந்த உரத்தில் இரண்டு கை கிடைக்குமா என்று கேட்டார்.

இப்போது நம் கவலை கோடை விடுமுறையைப் பற்றியது. பள்ளி பூட்டிக் கிடக்கும் நாள்களில் தொட்டி காய்ந்தால் எல்லாம் வீண். நீர் தெளிக்கும் முறையைப் பிள்ளைகள் எழுதி வேப்பமரத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கின்றனர். வியாழக்கிழமைக்கு எதிரே நம் பெயர் இருக்கின்றது. சனிக்கிழமைக்கு எதிரே இன்னும் எவர் பெயரும் இல்லை.