பிள்ளை பிடிக்கிறவன் சாக்குப் பையோடு வருவதில்லை!

"சாப்பிடலேன்னா பிள்ளை பிடிக்கிறவன் வந்து தூக்கிட்டுப் போயிடுவான்!"

சின்ன வயதில் இந்த மிரட்டலைக் கேட்காதவர் யார்? பரட்டைத் தலை, அழுக்கு வேட்டி, தோளில் சாக்குப் பை. நமக்குத் தெரிந்த பிள்ளை பிடிக்கிறவன் அவன்தான்.

அந்தப் பயம் 2018-ம் ஆண்டு மே மாதம் உயிரைக் குடித்தது. சென்னையில் இருந்து குலதெய்வம் கும்பிடக் காரில் கிளம்பியது ஒரு குடும்பம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, வழியில் நின்ற குழந்தைகளுக்கு 65 வயது அம்மாள் ஒருவர் சாக்லெட் கொடுத்தார். அவ்வளவுதான்! வாட்ஸ்-அப் புரளியை நம்பிய கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொண்டு அடித்தது. அந்த அம்மாள் செத்துப்போனார். பழவேற்காட்டிலும் இதே புரளிக்கு ஒருவர் பலியானார்.

அப்படியானால் நிஜமான ஆசாமி எப்படி வருவான்? சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவான். "அக்கா, மாமா" என்று உறவு சொல்லுவான். பெரும்பாலும் தெரிந்தவனாகவே இருப்பான்.

முன்பணம்

மதுரை, தேனி பக்கத்துக் கிராமங்களில் இருந்து பையன்களை வடக்கே முறுக்குக் கம்பெனிகளுக்குக் கூட்டிப் போனது இப்படித்தான். அப்பன் கையில் கொஞ்சம் முன்பணம். "மாசா மாசம் சம்பளம் வரும்" என்று வாக்கு. போன பையன் விடியுமுன் எழுந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறான். வீட்டுக்குப் போகிறேன் என்றால், "உங்கப்பன் வாங்கின பணத்தை எண்ணி வை!"

காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் இருளர் குடும்பங்கள் சிக்கியதும் இதே தூண்டிலில்தான். மீட்கப் போன அதிகாரிகளிடமே, "வாங்கின காசைக் கொடுக்காம எப்படி சாமி வர்றது?" என்று கேட்பார்கள். நேர்மையான ஜனங்கள்! 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே ரத்து செய்துவிட்டது என்று அவர்களுக்கு யார் சொன்னது? அரை நூற்றாண்டு ஆகியும் சட்டம் சூளை வாசலைத் தாண்டவில்லை.

இன்னொன்று. "பையன் தானாத்தான் வந்தான் சார்" என்று புரோக்கர் தப்பிக்கப் பார்ப்பான். அது செல்லாது. ஆசை காட்டியோ, ஏமாற்றியோ கூட்டிப் போய்ச் சுரண்டினால், போனவன் சம்மதித்தானா என்பது கணக்கே இல்லை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 143-வது பிரிவின்படி குறைந்தது 7 ஆண்டு ஜெயில். கடத்தப்பட்டது சிறுவன் என்றால் 10 ஆண்டில் இருந்து ஆயுள் வரை.

டிகிரி படித்தவனும் தப்பவில்லை

"இதெல்லாம் பட்டிக்காட்டு விவகாரம்" என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சேதி. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்கள், எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி என்ற இடத்தில் அடைக்கப்பட்டார்கள். வேலை என்ன தெரியுமா? முன்பின் தெரியாதவர்களிடம் ஆன்லைனில் நைசாகப் பேசிப் பணம் பறிப்பது! மறுத்தால் அடி, உதை. 2025 மார்ச்சில் அந்தப் பக்கத்தில் இருந்து 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கூட்டி வர வேண்டியதாயிற்று.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக் கூடிய சர்வீஸ் கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். டூரிஸ்ட் விசாவில் "முதல்ல போ, அங்கே மாத்திக்கலாம்" என்கிறவன் ஏமாற்றுக்காரன். ஒரு பிரிட்ஜ் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். பெற்ற பிள்ளையை அனுப்பும்போது ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்க வெட்கப்படுகிறோம்!

நமக்கேன் வம்பு?

போன மாதம் ஒரு சாயங்காலம், சென்ட்ரலுக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்தேன். ஓர் ஆசாமி, அவனோடு ஐந்து பையன்கள். அத்தனை பேர் காலிலும் ஒரே மாதிரி புதுச் செருப்பு. டீக்கடைக்காரர் அரைகுறை இந்தியில் "எந்த ஊரு தம்பி?" என்று ஒருவனைக் கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. அந்த ஆசாமியின் முகத்தைப் பார்த்தான்.

எனக்கு உறைத்தது. கடைக்காரருக்கும் உறைத்தது. "போலீஸ், கோர்ட்டு, சாட்சின்னு யார் சார் அலையறது?" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த டீயை ஆற்றினார். நானும் எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடிக்க ஓடிவிட்டேன். அந்தப் பையன்கள் எங்கே போனார்களோ? கூட வந்தவன் சித்தப்பாவாகவும் இருக்கலாம். தெரியாது. ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

1098. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். பேரைச் சொல்லக் கட்டாயமில்லை. பெண்கள் விஷயம் என்றால் 181. ரெயிலில் என்றால் 139. விசாரிப்பது அவர்கள் வேலை. கையை ஓங்குவது நம் வேலை இல்லை. வடக்கே இருந்து குழந்தைகளோடு பிழைக்க வருகிறவர்களை எல்லாம் சந்தேகப்பட்டு மடக்கினால், போளூர் கதைதான் மறுபடியும் நடக்கும்.

போர்ட்டர், ஆட்டோ டிரைவர், டீக்கடைக்காரர், லாட்ஜ் கிளார்க் — ரெயிலில் வந்து இறங்குகிற பையனை முதலில் பார்ப்பது இவர்கள்தான். இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஓட்டல் ஏ.சி. ஹாலில் கருத்தரங்கம் நடக்கிறது. பேனர், சால்வை, பிஸ்கட்! போர்ட்டருக்கு அழைப்பு இல்லை.

ஊர்ப் பக்கமும் இதே கதைதான். கிராமத்துக்குக் கிராமம் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று பேர் இருக்கிறது. பத்து நாளாகப் பள்ளிக்கு வராத பையன் எங்கே என்று வாத்தியார் அந்தக் குழுவில் கேட்டாலே பாதிப் புரோக்கர்கள் ஊருக்குள் வரமாட்டார்கள். சூளையில் இருந்து விடுதலையானவர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கிராமசபையில் பேச வையுங்கள். கலெக்டர் பேசுவதை விட நன்றாக ஏறும்.

சென்னையில் போலீசும் வியாபாரிகள் சங்கமும் ஆட்டோ ஸ்டாண்டும் சேர்ந்து, கடை அடைக்கிற நேரத்தில் அரை மணி உட்கார்ந்தால் போதும். போன் செய்தவரைக் கோர்ட்டுக்கு இழுக்கமாட்டோம் என்று ஏரியா இன்ஸ்பெக்டர் தன் வாயால் சொல்லட்டும். முதல் கூட்டத்தை சென்ட்ரலைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் ஆரம்பிக்கலாம். அந்த டீக்கடைக்காரரைக் கூட்டி வருவது என் பொறுப்பு.