ஹவாசுபாய் மக்களின் இரத்தமும் ஒப்புதலின் எல்லையும்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர் சில நூறு பேரே. அவர்களிடையே நீரிழிவு பெருகியது. அதன் காரணம் தெரியவரும் என்ற நம்பிக்கையில் 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அவர்கள் இரத்தம் கொடுத்தனர். அதே இரத்தம் மனச்சிதைவு நோய், உள்மணம், ஆதிக் குடிப்பெயர்வு ஆகியவை குறித்த ஆய்வுகளுக்கும் சென்றது. 2003இல் அப்பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்கச் சென்ற கார்லெட்டா டிலூசி என்னும் ஹவாசுபாய்ப் பெண் எழுப்பிய கேள்வியே இதை வெளிக்கொணர்ந்தது.

அவ்விரத்தத்திலிருந்து 1993இல் வெளியான ஓர் ஆய்வு எச்.எல்.ஏ. மரபணுக்களைப் பற்றியது. உடலுக்குரியது எது, அந்நியமானது எது என நோயெதிர்ப்பு மண்டலம் பிரித்தறிய உதவுபவை இவை. எலும்பு மச்சை மாற்றுக்குப் பொருத்தம் பார்ப்பதும் இவற்றைக் கொண்டுதான். இவற்றின் வடிவங்கள் ஆயிரக்கணக்கானவை. எவ்வடிவம் எந்த அளவில் காணப்படும் என்பது மக்கள்குழுவுக்கு மக்கள்குழு வேறுபடும். ஆகவே நோயைச் சொல்லும் அதே சோதனைக்குழாய் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறது. இரண்டையும் தொழில்நுட்பம் பிரித்துத் தராது. ஒப்புதலும் சட்டமுமே பிரிக்க முடியும். (அந்த ஆய்வின் முடிவு கவனிக்கத்தக்கது: தாய்வழியும் தந்தைவழியும் வெவ்வேறு வடிவங்களைப் பெற்றோர் எதிர்பார்ப்பைவிட மிகுந்திருந்தனர். தனித்து வாழ்ந்த சிறு குழுவிலும் வேறுபாடு அழியவில்லை.)

தங்கள் மூதாதையர் அப்பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது ஹவாசுபாய் மக்களின் நம்பிக்கை. மண்ணின் மீதான உரிமையுணர்வும் அதனோடு பிணைந்தது. அவர்களது இரத்தத்தைக் கொண்டே அதை மறுக்கும் ஆய்வுகள் எழுதப்பட்டன. ஒப்புதல் படிவத்திலோ நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகள் என்ற அகன்ற சொற்கள் இருந்தன. அந்த அகலத்தில்தான் பல்கலைக்கழகத் தரப்பு தஞ்சம் புகுந்தது.

விசாரணை நீதிமன்றம் தள்ளுபடி செய்த வழக்கை 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உயிர்ப்பித்தது. 2010இல் சமரசம் ஏற்பட்டது: 41 பேருக்கு 7 இலட்சம் டாலர், எஞ்சிய இரத்த மாதிரிகள் திரும்ப ஒப்படைப்பு. மக்களுக்கு அது வெற்றியே. எனினும் சமரசம் முன்தீர்ப்பு ஆகாது. ஒரு குழுவின் பூர்வீகத்தை ஆராய அக்குழுவின் ஒப்புதல் தேவையா என்ற கேள்விக்கு அவ்வழக்கில் விடை எழுதப்படவில்லை.

அக்கேள்வி இன்று இந்தியாவினுடையதும்கூட. ஜீனோம் இந்தியா திட்டத்தில் சாதிக்குழுக்கள், பழங்குடிகள் உள்ளிட்ட 83 மக்கள்குழுக்களின் மரபணுத் தொகுதிகள் வாசிக்கப்பட்டு, சுமார் 10,000 பேரின் தரவு பரீதாபாத்தில் சேமிக்கப்பட்டுள்ளது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தனிநபரை மட்டுமே அறியும். ஆய்வுக்கு அதன் 17ஆம் பிரிவில் விலக்கும் உண்டு. அகமணமே சாதியின் சாரம் என அம்பேத்கர் 1916இல் கூறியது சமூகம் விதித்த விதியைப் பற்றி. அவ்விதியின் தடம் மரபணுவில் தெரிவதைக் காட்டிச் சாதியை இயற்கை என வாதிட நாளை ஒருவர் வந்தால், ஆய்வுக்குட்பட்ட குழுவுக்கு இச்சட்டத்தில் எதிர்வாதத்துக்கு இடமில்லை.

எனவே சேரியிலோ மலைக்கிராமத்திலோ ஆய்வுக்காக இரத்தம் கேட்கப்பட்டால், படிவத்தில் முதலில் தேட வேண்டியவை: எந்த நோய் எனப் பெயர் சுட்டப்பட்டுள்ளதா, வேறு ஆய்வுக்கு மீண்டும் ஒப்புதல் கேட்பார்களா, கொடுத்ததைத் திரும்பப் பெற வழி உண்டா. "மற்றும் தொடர்புடைய ஆய்வுகள்" என்ற சொற்கள் இருந்தால், அவற்றுக்கு விளக்கம் கேட்கவும் கையெழுத்திட மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.