வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வகுப்பேற்றம் எதற்கு?

திருகோணமலைத் துறைமுகத்தருகே அமைந்த ஓர்ஸ் ஹில்லிலே பள்ளிக்கூடமும் உண்டு. அரசாங்கக் காரியாலயங்களும் உண்டு. கற்கும் சிறுவரும் ஆளும் அதிகாரிகளும் ஒரே வீதியில் நடக்கின்றனர். ஆகவே, நாம் இங்கு எழுப்பும் கேள்வி இரு சாராரையும் சார்ந்தது. ஆறாம் தரத்துக்கு வந்த பிள்ளை ஒரு பந்தியைத் தடையின்றி வாசித்துப் பொருள் கூற இயலாதிருப்பின், அதற்குப் பொறுப்பாளி யார்?

பிள்ளையின் மந்தபுத்தியே காரணம் என்று கூறித் தப்பிக்கொள்வது எளிது. அக்கூற்றை நாம் ஏற்கோம். தமிழ் வாசிப்பைக் கற்பித்தல் இலகுவான தொழிலன்று. 'கெ' என்னும் எழுத்தில் உயிர்க்குறி முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ பின்னே வருகிறது. ககரம் 'கல்' என்பதில் ஒருவாறும் 'பகல்' என்பதில் வேறொருவாறும் ஒலிக்கிறது. வீட்டிலே 'வாறார்' என்று பேசும் பிள்ளை, புத்தகத்திலே 'வருகிறார்' என்று காண்கிறது. 247 எழுத்துக்களையும் ஒப்புவித்த மாத்திரத்தில் இத்தடைகள் நீங்கிவிடா. பயிற்சியும் பொறுமையும் உள்ள ஆசிரியர் வேண்டும்.

இதனை எம் முன்னோர் அறிந்திருந்தனர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், சிறுவருக்கெனப் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதினார். பேரறிஞராகிய அவர் பால வகுப்பை அற்பமென எண்ணவில்லை. நாமோ முதல் வகுப்பை எவரும் நடத்தலாம் என்றெண்ணி, திறமை மிக்கவர்களை மேல் வகுப்புகளுக்கு அனுப்புகிறோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதும், சித்தியடையக்கூடிய சிலர் மீதே பாடசாலையும் பெற்றோரும் கண் வைக்கின்றனர். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை பின் வாங்கில் மௌனமாக அமர்ந்து, மௌனமாகவே வகுப்பேற்றப்படுகிறது. பின்னர் சரித்திரமும் விஞ்ஞானமும் அதற்கு எவ்வாறு விளங்கும்? கொள்ளை நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்ட 2020இல் முதலாம் தரத்திற் சேர்ந்தவர்கள் இன்று இடைநிலை வகுப்புகளில் இருக்கின்றனர் என்பதையும் அதிகாரிகள் மறத்தலாகாது.

நாம் வேண்டுவன பெருஞ்செலவுக்குரியவை அல்ல. முதலிரு தரங்களுக்கும் ஆற்றல் மிக்க ஆசிரியர்களை நியமியுங்கள். தவணைதோறும் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வாசிக்கச் செய்து, பின்தங்கியவரை அத்தவணையிலேயே கைதூக்கிவிடுங்கள். நாளும் ஒரு பாடவேளையைப் பாடநூலுக்குப் புறம்பான வாசிப்புக்கு ஒதுக்குங்கள். ஆறாம் தரத்திற்கு மேல், விஞ்ஞான ஆசிரியரும் தம் பாடத்தின் சொற்களை வாசித்து விளக்கக் கடமைப்பட்டவரே.

பெற்றோருக்கும் பங்குண்டு. உத்தியோகம் பார்ப்போர் தம் பிள்ளைகள் படித்து முடித்த கதைப்புத்தகங்களைக் கிராமப் பாடசாலைகளுக்கு வழங்கலாம். தம்பலகாமத்து விவசாயி, உர மூடையில் அச்சிட்டிருப்பதையும் கமநல சேவை நிலையத்துக் கடிதத்தையும் தம் மகளைக்கொண்டு உரத்து வாசிப்பிக்கலாம். அவள் தடுமாறினால், மறுநாளே பாடசாலைக்குச் சென்று காரணம் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

தமிழில் ஆட்சி நடைபெற வேண்டுமெனப் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறோம். அது நியாயமான கோரிக்கை. ஆனால், தமிழில் வரும் கடிதத்தை வாசிக்க மாட்டாத ஒரு தலைமுறையை நாமே வளர்த்துவிட்டால், அவ்வுரிமையைப் பெற்று யாது பயன்? மொழியுரிமைப் போராட்டம் பாராளுமன்றத்தில் மட்டும் நடப்பதன்று. முதலாம் வகுப்பிலும் நடப்பதாகும்.