பொல்லாத நாயைச் செய்தது யார்?

இராஜபாளையம் நாயைத் தெரியாதவர் இல்லை. பால் போன்ற வெள்ளை நிறம். ரோஜா நிற மூக்கு. பொன் நிறக் கண். 2005-ம் ஆண்டில் இந்த நாய்க்கு அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது.

காட்டுப் பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்த நாய் இது. வீட்டாரிடம் குழையும். அந்நியர் வந்தால் சீறும்.

இதற்குக் கெட்ட பெயரும் உண்டு. "பொல்லாத நாய்" என்கிறார்கள். (வெறிநாய் வேறு; அது நோய். இங்கே பேசுவது நல்ல நாய் பொல்லாததாக மாறும் கதை.)

காவல் நாய்க்குக் கோபம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மீதிக் கோபத்தைச் சேர்த்தவன் மனிதன்.

நிறம் வந்தது, காது போனது

இந்த இனத்தில் பழுப்புக் குட்டியும் புள்ளி போட்ட குட்டியும் பிறப்பது உண்டு. ஆனால், வெள்ளைதான் அழகு என்று மனிதன் முடிவு கட்டினான். நிறம் மாறிய குட்டிகளைக் கழித்தான். சிலவற்றைக் கொன்றான், சிலவற்றை யாருக்கோ கொடுத்தான். வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தான்.

தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் உள்காதிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால் காது கெட்டுப் போகும். அதனால் வெள்ளைக் குட்டிகளில் சில, காது கேளாமல் பிறக்கின்றன.

அழகுக்கு ஆசைப்பட்டவன் மனிதன். அந்த ஆசையால் ஊனமான குட்டியை, "இது உதவாது" என்று தள்ளுகிறவனும் அவனே!

தள்ளிய குட்டி என்ன ஆகும்? கூப்பிட்டால் வராது. திமிர் என்று அடிப்பார்கள். தூங்கும்போது தொட்டால், திடுக்கிட்டுப் பல்லைக் காட்டும். கடிக்கிறது என்று சங்கிலி போடுவார்கள். கடைசியில் தெருவில் விடுவார்கள். தெரு கல்லால் அடிக்கும். கை தூக்குகிறவர் எல்லாம் எதிரி என்று நாய் படித்துக் கொள்ளும்.

காது கேட்கும் நாயையும் இப்படிக் கெடுக்கலாம். பிறந்த 3-வது வாரம் முதல் 3 மாதம் வரை குட்டி மனிதரோடு பழக வேண்டும். அந்த நாளில் தனியே கட்டிப் போட்டால், பிறகு அதற்கு ஊரே அந்நியம்தான்.

விறகு சுமந்த அரக்கன்

இப்படி ஒரு கதையை இங்கிலாந்தில் மேரி ஷெல்லி என்ற இளம் பெண் எழுதினார். 1818-ல் வெளிவந்தது. கதையின் பெயர் "ஃபிராங்கென்ஸ்டைன்".

அந்தப் பெயருள்ள மாணவன் ஓர் உருவம் செய்து உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்ததும், அதன் கோரத்தைப் பார்த்து ஓடி விடுகிறான். அந்த உருவம் முதலில் கெட்டது அல்ல. ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இரவில் விறகு கொண்டு வந்து போடுகிறது. முகத்தைக் கண்டதும் அவர்களும் அடித்து விரட்டுகிறார்கள். அதன் பிறகுதான் கொலை செய்கிறது.

செய்தவன் அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. செய்தவன் பெயரையே அரக்கனின் பெயராகப் பலர் சொல்லுகிறார்கள். தப்புதான். ஆனாலும் பொருத்தமான தப்பு!

துளசிச் செடியின் அடியில்

இராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தை கிடந்தது. பெரியாழ்வார் எடுத்தார். கோதை என்று பெயர் வைத்தார். தம் மகளாக வளர்த்தார். இது கோவில் வரலாறு. அந்தக் குழந்தையைத்தான் ஊர் ஆண்டாள் என்று கும்பிடுகிறது.

தெய்வத்தையும் நாயையும் ஒப்பிடுவது அல்ல. எடுத்த கையைப் பார்க்க வேண்டும்.

1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், பட்டினி கிடக்கும்படி நாயைக் கைவிடுவது குற்றம் என்கிறது. எந்நேரமும் கட்டிப் போட்டு, நடமாட விடாமல் வைத்திருப்பதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாய் வரை என்று அப்போது எழுதினார்கள். அந்தத் தொகைக்கு யார் பயப்படுவார்கள்?

சட்டத்தைவிட, குட்டி வாங்குகிறவர்களால் அதிகம் செய்ய முடியும். பழுப்புக் குட்டியையும் அவர்கள் கேட்டு வாங்கினால், வளர்ப்பவர்கள் அதைக் கழிக்க மாட்டார்கள். காது கேளாத நாயை இனம் பெருக்க விடக்கூடாது. வீட்டில் வளர்க்கலாம். கை அசைவைக் காட்டிப் பழக்கினால் வரும், உட்காரும், நிற்கும்.

தூங்கும்போது அதை எழுப்பவும் வழி உண்டு. தொடக்கூடாது. கொஞ்சம் தள்ளி நின்று, தரையைக் காலால் தட்ட வேண்டும். அதிர்வு தெரிந்து, தானாகக் கண் விழிக்கும்.