கண் பார்க்கும் வேலைக்குக் காலனியிலிருந்து யார்?

மக்காச்சோளத் தட்டு அறுக்கும்போது தோகை கண்ணில் அடிப்பது நம் பக்கத்துக் கூலிக்காரர்களுக்குப் புதிதல்ல. கரும்பு வெட்டிலும் அப்படித்தான். பொள்ளாச்சி நார் மில்லில் தூசி, பல்லடம் பக்கத்துக் கல்குவாரியில் சில்லு. அடிபட்டவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே வேலையை முடிக்கிறார். பாதியில் எழுந்து போனால் பாதிக் கூலிதான். சாயங்காலம் வீட்டில் தாய்ப்பால் விடுவார்கள், அல்லது நாக்கால் தூசி எடுக்கத் தெரிந்த பாட்டியிடம் கூட்டிப் போவார்கள். மறுநாள் மருந்துக் கடையில் "கண்ணு சிவந்திருக்குங்க" என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்குவார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, காயத்தில் பூஞ்சையும் ஏறியிருந்தால் புண் வேகமாகப் பரவும். ஒரு வாரம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கருவிழியில் வெள்ளை விழுந்திருக்கும்.

கண்புரைக்கு ஆறு மாதம் தள்ளி அறுவை செய்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். கருவிழிப் புண் அவ்வளவு நாள் தராது. நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. கிராமப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கருவிழியில் கீறல் பட்டவர்களுக்கு அவர்களையே ஆன்டிபயாடிக் களிம்பு போட வைத்தார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. மதுரை மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் மருத்துவர்கள் இதே வழியைச் சோதித்து, நல்ல பலன் கண்டு 2006-இல் எழுதினார்கள். பின்னர் நேபாளத்தில் மிகப் பெரிய அளவில் நடந்த ஆய்வில், பணியாளர் இருந்த ஊர்களுக்கும் இல்லாத ஊர்களுக்கும் புண் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊருக்கு ஓர் ஆளை நியமித்துவிட்டால் போதாது, காயம்பட்டவர் அந்த ஆளிடம் உடனே போக வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கொங்கு நாட்டில் இந்த விஷயம் நேரே சாதியில் வந்து நிற்கிறது. ஊருக்கும் அருந்ததியர் காலனிக்கும் நடுவே தூரம் இரண்டு பர்லாங்குதான் இருக்கும். களிம்பு வைத்திருப்பவர் ஊர்த் தெருவில், ஒரு பெரிய வீட்டுத் திண்ணைக்கு உள்ளே இருந்தால், ராத்திரி எட்டு மணிக்குச் சிவந்த கண்ணோடு காலனிக்காரர் அந்தக் கதவைத் தட்டுவாரா?

அன்னூர்ப் பக்கம் ஒரு கண் முகாமில் பார்த்தேன். கோயிலை ஒட்டிய மண்டபத்தில் முகாம். காலனியிலிருந்து வந்த வயதானவர்கள் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. டோக்கன் கொடுக்கும் பெண் நோட்டோடு வெளியே வந்து, "வாங்க ஆயா, பேரு சொல்லுங்க" என்று எழுதிய பிறகுதான் உள்ளே போனார்கள். அந்தப் பெண்ணுக்கும் காலனிதான் சொந்த ஊர் என்று பிற்பாடு தெரிந்தது.

உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கண் சிகிச்சையை மலிவாக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது தமிழ்நாடு. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கோவையில் அவிநாசி சாலைக் கிளை 1997-இல் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும்போது ஆயிரக்கணக்கில் விலை சொன்ன கண் லென்சை, 1992 முதல் மதுரையிலேயே அவர்களது அரோலேப் சில நூறு ரூபாய்க்குச் செய்தது. இதை எல்லோரும் பேசுகிறார்கள். லென்சைவிடப் பெரிய காரணம் வேலையைப் பிரித்த விதம் என்பேன். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, கட்டணமில்லாமல், உதவித்தொகையும் கொடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி தருகிறார்கள். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, அறுவைக்கு நோயாளியைத் தயார் செய்வது, கருவி எடுத்துக் கொடுப்பது, பிறகு எப்படி மருந்து விடுவது என்று சொல்லிக் கொடுப்பது எல்லாம் இவர்கள் கையில். மருத்துவர் நோயைக் கண்டறிவதும் அறுவை செய்வதும் மட்டும். அதனால்தான் அங்கே ஒரு மருத்துவரால் ஆண்டுக்குச் சுமார் 2,000 கண்புரை அறுவை செய்ய முடிகிறது. நாட்டின் சராசரியைப் போல இது பல மடங்கு. சிற்றூர்களில் உள்ள பார்வை மையங்களிலும் இப்படிப் பயின்றவரே பரிசோதித்து, கணினி வழியாக மருத்துவரோடு நோயாளியைப் பேச வைக்கிறார்.

இதே வயதுப் பெண்களைத் தேடி இன்னொரு வண்டியும் கிராமத்துக்கு வரும், தெரியுமல்லவா? ஸ்பின்னிங் மில் ஏஜென்ட் வண்டி. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக 30,000, 50,000 ரூபாய் என்றார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்கு மங்கலமான பேர் வேறு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மில்களுக்கு அப்படி வந்தவர்களில் பெருவாரியானவர்கள் தலித் குடும்பத்துப் பெண்கள் என்று ஆய்வுகள் சொல்லின. மில்லுக்கு ஆள் எடுக்கும்போது காலனிக்கு நேராக வரத் தெரிந்திருக்கிறது. வெள்ளைச் சீருடை வேலைக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் செய்தி ஊர்த் தெருவிலேயே சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது.

அரசு கண் மருத்துவ உதவியாளர் பணியிடம் என்றால் பட்டியலினத்தவருக்கு 18 சதவீதம் உண்டு. அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத முன்னுரிமை 2009 சட்டத்தால் வந்தது. உட்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 ஆகஸ்ட் 1-இல் தீர்ப்பளித்துவிட்டது. அறக்கட்டளை மருத்துவமனைகள் தாமே நடத்தும் பயிற்சிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்று அவர்கள் சொல்லலாம், உண்மையாகவும் இருக்கலாம். சாதியைப் பார்க்காத தேர்வு, ஏற்கெனவே முன்னால் நிற்பவரைத்தான் எடுக்கும். ஆண்டுக்கு எத்தனை பேரைச் சேர்த்தோம், அதில் பட்டியலினத்தவர் எத்தனை, அருந்ததியர் எத்தனை என்று ஒவ்வொரு மருத்துவமனையும் வெளியிடட்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் நேரே போய் ஆள் எடுக்கட்டும்.

கண் பார்க்கும் வேலை தொட்டுச் செய்யும் வேலை. தாடையைப் பிடித்துக் கருவியில் வைக்க வேண்டும், விரலால் இமையைத் தூக்க வேண்டும். டீக்கடையில் தனி டம்ளர் இருந்த ஊர்கள் இவை. 'ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்களோ' என்று ஒரு பெண்ணைப் பதிவேடு எழுதுவதோடு நிறுத்தி வைத்தால் அதற்குத் தீண்டாமை என்றுதான் பேர். பார்வை மங்கிய பெரியவர், புரை எடுத்தபின் கட்டைப் பிரித்துவிட்ட விரல் யாருடையது என்று விசாரிப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

படிப்புக்கு மதிப்பு உண்டா என்பதையும் மாணவிகள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் செல்லும் சான்றிதழ், கல்யாணமாகி வேறு ஊர் போனால் பெட்டிக்குள் போய்விடும். 2021-இல் வந்த துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டத்தில் கண் பணியாளர்களும் அடக்கம். குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு ஆண்டு படித்த டிப்ளமோ இருந்தால்தான் அதன்படி துணை மருத்துவப் பணியாளர். அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள பட்டியலின மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தச் சான்றிதழ் வேறு ஆஸ்பத்திரியில் செல்லுமா? அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியுமா? தாட்கோ ஏற்கெனவே திறன் பயிற்சிகளுக்குச் செலவழிக்கிறது. தையலும் அழகுக் கலையும் போதும், கண் பரிசோதனையையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம்.

18 மணி நேரக் கணக்குக்கு இரண்டு ஆண்டு படிப்புகூட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் உள்ளூர்ப் பெண்களே வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்களில் காலனியில் குடியிருப்பவரைத் தேர்ந்தெடுத்து, ஒரு டார்ச், கீறலைக் காட்டும் பச்சைச் சாயத் தாள், களிம்புக் குழாய், மருத்துவரின் போன் நம்பர், சில நாள் பயிற்சி கொடுத்தால் போதும். காலனியில் அப்படி ஒருவரும் இல்லாத ஊராட்சிகள் எவை என்று மாவட்ட சுகாதார அலுவலர் முதலில் ஒரு பட்டியல் எடுக்கட்டும். மக்காச்சோளம் அறுப்புக்கு வருவதற்குள் எடுத்தால் நல்லது.