படபடக்கும்போதே எடுத்த ஈசிஜி எங்கே?

படபடப்பு என்று வருகிறவரை இதய மின்னியல் நிபுணரிடம் அனுப்பும்போது எக்கோ, ட்ரெட்மில், சில வேளை ஆஞ்சியோகிராம் அறிக்கை வரை சேர்த்து அனுப்புகிறோம். அவர் முதலில் தேடுவது படபடப்பு இருந்தபோது எடுத்த 12 லீட் ஈசிஜியை. பல கோப்புகளில் அது மட்டும் இருப்பதில்லை. நோயாளி அங்கே போய்ச் சேர்வதற்குள் துடிப்பு சீராகிவிடுகிறது. எல்லா அறிக்கையும் 'நார்மல்'. கடைசியில் 'டென்ஷன்' என்று சொல்லித் தூக்க மாத்திரையோடு அனுப்பிவிடுகிறோம்.

திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் வேகத் துடிப்பான பிஎஸ்விடி உறுதியான 107 பேரை ஆராய்ந்து 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 67 சதவீதத்தினரின் அறிகுறிகள் பீதிக் கோளாறுக்கான வரையறைக்குள் பொருந்தின. அறிகுறிகளுக்குப் பீதி, பதற்றம் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டதும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அறிகுறிகளை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, ஈசிஜி பிரித்துவிடும்.

அந்த ஈசிஜி கிடைக்கும் இடம் நம் கிளினிக்கும் தாலுகா மருத்துவமனையின் அவசரப் பிரிவும்தான். அடினோசின் போடும் முன் 12 லீட் எடுங்கள். மருந்து ஏறும்போதும் தாள் ஓடிக்கொண்டிருக்கட்டும். வேகம் சட்டென்று நின்றதா, கீழறை தயங்கிய நொடிகளில் மேலறை அலைகள் தொடர்ந்தனவா என்பதிலேயே நோயின் வகை பெரும்பாலும் தெரிந்துவிடும். ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு மின் ஷாக்தான் முதலில். அவருக்கும் மானிட்டர் பதிவு ஒன்று மிஞ்சட்டும். வெப்பத்தாள் நாளடைவில் மங்கும், லேமினேஷன் செய்தால் கறுத்துவிடும். எடுத்த உடனே நோயாளியின் கைபேசியிலேயே படம்பிடித்துக் கொடுத்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை வரும் படபடப்பை 24 மணி நேர ஹோல்டர் பிடிப்பது அரிது. 'படபடப்பு இருக்கும்போதே 12 லீட் ஈசிஜி எடுத்து, அசலை நோயாளியிடம் கொடுக்கவும்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம்.

நிபுணரின் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாத சிகிச்சையும் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானால் பக்கவாத அபாயத்தை அன்றே மதிப்பிட்டு, தேவைப்படுபவருக்கு ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தைத் தொடங்க வேண்டும். ஆஸ்பிரின் அதற்கு மாற்றல்ல. மிதமான அல்லது கடுமையான மைட்ரல் வால்வுச் சுருக்கம் உள்ளவருக்கு வார்ஃபரின்தான். ருமாட்டிக் இதய நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், வார்ஃபரின் வகை மருந்தோடு ஒப்பிட ரிவராக்சபான் பின்தங்கியது. ருமாட்டிக் வால்வு நோய் இன்னும் ஓயாத நம் ஊரில் இதை மறக்கலாகாது.

உழைப்பின்போது மயங்கி விழுந்தவர், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் உள்ளவர், ஈசிஜியில் டெல்டா அலையோ நீண்ட க்யூடியோ உள்ளவர், அகன்ற க்யூஆர்எஸ்ஸோடு வேகத் துடிப்பு வந்தவர் ஆகியோரைத் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். டெல்டா அலை உள்ளவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்திருக்கையில் வெரபமிலோ டிகாக்சினோ கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

மற்றவர்களையும் 'மாத்திரையில் அடங்கியிருக்கிறது' என்று ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். பிஎஸ்விடியில் ஏவிஎன்ஆர்டி என்ற பொதுவான வகை ஏபிலேஷனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோருக்குத் தீர்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கண்டறிந்த ஓராண்டுக்குள் சீரான தாளத்துக்குத் திருப்ப முயல்வது பயன் தரும் என்று 2020-இன் ஈஸ்ட்-ஏஃப்நெட் 4 ஆய்வு காட்டியது.

ஆகவே கடிதத்தில் நான்கு விவரங்கள் போதும்: படபடப்பு எப்படித் தொடங்கி எப்படி நிற்கிறது, மயக்கம் உண்டா, என்ன மருந்துக்கு என்ன ஆயிற்று, குடும்ப வரலாறு. அதோடு அந்த ஈசிஜி. அது இல்லாமல் போகும் நோயாளிக்கு எவ்வளவு பெரிய மருத்துவமனையிலும் விசாரணை முதலிலிருந்துதான் தொடங்கும்.