தாயார் சொல்ல வேண்டிய செய்தி

கல்யாணம் பேசப் புகுந்தால் நம்மவர் விசாரிக்காத விஷயம் கிடையாது. ஜாதகம், நகை, பாத்திரம், பெண்ணின் சங்கீத ஞானம் எல்லாம் வந்துவிடும். அந்தப் பெண்ணே பிற்பாடு கர்ப்பவதியாகும்போது, அவளைப் பெற்ற தாயார் ஒரு முக்கியமான செய்தியை வாய் திறந்து சொல்வதில்லை. தன் கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறியதையோ, பிரசவத்தில் வலிப்பு வந்ததையோ குடும்பத்துக்குக் குறை என்று மறைத்துவிடுகிறாள். காற்று, கறுப்பு என்று சொல்லி மூடி வைத்த வீடுகளையும் நாம் அறிவோம். சம்பந்தி வீட்டாரிடம் பறைசாற்றும்படி நாம் கூறவில்லை. மகளிடமும் அவளுடைய வைத்தியரிடமும் சொன்னால் போதும்.

ஏனெனில், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இக்கோளாறு வந்திருந்தால் பெண்ணுக்கும் வருவதற்கு இடம் அதிகம். அவளுக்கே முந்திய பிரசவத்தில் வந்திருந்தால் இன்னும் அதிகம். முன்பே இரத்த அழுத்தமோ, நீரிழிவோ, சிறுநீரக வியாதியோ உள்ளவர்களும், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்களும் அவ்வாறே. தலைச்சன் பிரசவம், 40 வயதைக் கடந்த கர்ப்பம், மிகுந்த ஸ்தூல சரீரம் ஆகியவையும் கவனிக்கத் தக்கவை.

"தலைச்சன் என்றால் கால் வீங்கத்தான் வீங்கும்" என்பார்கள் பாட்டிமார். பெரும்பாலும் அது மெய்யே. ஆகையினால்தான் வீக்கத்தை மட்டும் பார்த்து ஒன்றும் தீர்மானிக்க இயலாது. இந்நோய் சாதாரணமாக 20 வாரங்களுக்குப் பிறகு, வலியின்றி, சந்தடியின்றி வருகிறது. கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி முதலியவை கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. அதற்கு முன் அறிவிப்பது அளவுக் கருவி ஒன்றே. அழுத்தம் 140/90 ஆகிவிட்டால் வைத்தியர் விழித்துக்கொள்வார். சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்றும் பார்ப்பார். வலிப்பு கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரில் அப்புரதம் இருப்பதை லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர் லீவர் 1843-லேயே கண்டு எழுதினார். இன்று இவ்விரு சோதனைகளும் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே நடக்கின்றன.

தாயாரை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அபாயம் மிகுந்தவர்களுக்குச் சிறு அளவில், தினம் 75 மில்லிகிராம், ஆஸ்பிரின் கொடுக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2011-இல் கூறிற்று. அதனால் நோய் வருவது ஓரளவு குறைகிறது. ஆனால் மாத்திரையை 20 வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். தொடங்குவதும் நிறுத்துவதும் வைத்தியர் பொறுப்பு. கடையில் தாமே வாங்கி விழுங்குவது தகாது. தாயார் பழைய கதையை ஏழாம் மாதத்தில், வளைகாப்பன்று, மெதுவாக ஞாபகப்படுத்திக்கொண்டு சொல்வாளானால், அந்த மாத்திரைக்கு உரிய காலம் கடந்து போயிருக்கும்.